ஜெயித்தவர்களின் கதை

கதை எழுதுகிறவனுக்கு ஜெயிக்கிறவன்மீது இயல்பாகவே ஒரு சந்தேகம் உண்டு. தோற்றவனைப் பற்றி எழுதுவது சுலபம். அவனுக்கு ஒரு துக்கம் இருக்கிறது. அந்தத் துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிக்கொண்டு போனாலே கதை தானாக நடக்கத் தொடங்கிவிடும். நம் கூத்துக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். விடிய விடிய ஊரை உட்கார்த்தி வைப்பதற்கு அவர்கள் கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அர்ஜுனன் ஜெயித்ததைப் பார்க்க யார் கண் விழிப்பார்கள்?

ஆகவே, ஒரு பருவம் முழுவதும் கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியிலும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு கால்பந்துக் கோஷ்டியைப் பற்றி நான் ஆசையோடு எழுத உட்காருவது சில வாசகர்களுக்கு விசித்திரமாகப் படலாம். பந்தாட்டம் வாலிபர்களின் சமாசாரம், அதில் இலக்கிய ரஸிகனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது: ஒரு பருவத்து ஆட்டம் என்பது பத்து மாதம் தொடர்கதையாக வருகிற ஒரு நாவல். ஆசிரியர் இல்லாத நாவல். அதில் நல்ல நாவலும் உண்டு, வெறும் பக்க நிரப்பலும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் விமர்சகன் வேலை. கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் கழகம் 1966-67 பருவத்தில் ஆடிய ஆட்டம் நல்ல நாவல்களில் ஒன்று என்பது என் கட்சி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்து லீக்கில் 34 ஆட்டம். 26 வெற்றி, 6 சமன், 2 தோல்வி. போட்ட கோல் 111, வாங்கிய கோல் 33. லீக் பட்டம், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, கிளாஸ்கோ கோப்பை என்று நாட்டுக்குள் இருந்த நான்கையும் எடுத்துக்கொண்டார்கள். 1967 மே 25ஆம் தேதி போர்த்துகல் நாட்டு லிஸ்பனில், இத்தாலியின் இண்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையையும் எடுத்தார்கள். அந்தக் கோப்பை 1955இல் தொடங்கியது. முதல் பதினொரு போட்டிகளில் அது ஸ்பெயின், போர்த்துகல், இத்தாலி என்ற மூன்று நாடுகளை விட்டு வெளியே போனதில்லை. வடக்கே கொண்டுபோன முதல் கழகம் செல்டிக்.

இதோடு நிறுத்தினால் இது பஞ்சாங்கம், கதை ஆகாது. கதை ஆரம்பிப்பது அந்தக் கோஷ்டியின் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற இடத்தில்தான். லிஸ்பனில் ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைல் வட்டத்துக்குள் பிறந்தவர்கள். அதிகத் தூரத்திலிருந்து வந்தவர் பாபி லெனக்ஸ். அவருடைய ஊர் கடலோரத்துச் சால்ட்கோட்ஸ். நம் கணக்கில் சொன்னால், ஒரு ஜில்லாவின் ஒரு தாலுகாவிலிருந்து பதினொரு பையன்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய், ஒரு கண்டத்தின் பணக்காரக் கழகங்களை எல்லாம் வரிசையாக வென்றுவிட்டுத் திரும்பிய மாதிரி.

இந்த முப்பது மைல் சமாசாரத்தைப் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள். எழுதி எழுதி அதை ஒரு தேவதைக் கதையாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் மண்ணின் மகிமை என்று கைகூப்பிவிட்டுப் போவது விமர்சனம் ஆகாது. அந்த மண் என்ன மண் என்று கேட்க வேண்டும். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்க ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். அங்கே பட்டினி கிடந்த குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் வேண்டும் என்று, வால்பிரிட் என்ற ஒரு மதச் சகோதரர் 1887இல் ஆரம்பித்ததுதான் செல்டிக். டிக்கெட் விற்ற காசு சோறாக வேண்டும் என்பது அதன் பிறப்பு நோக்கம். நகரத்தின் மற்றொரு பெரிய கழகமான ரேஞ்சர்ஸ் புராடஸ்டண்டுகளின் கழகம். கத்தோலிக்கர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்ற எழுதாத சட்டம் அங்கே நெடுங்காலம் இருந்தது. 1989இல்தான் அது பகிரங்கமாக உடைந்தது. ஆகவே முப்பது மைல் வட்டம் என்பது அன்பின் வட்டம் மட்டும் அல்ல, வேலிகளின் வட்டமும்கூட. திறமையுள்ள ஒரு பையன் எந்தத் தெருவில் பிறந்தான் என்பதே அவன் எந்தச் சட்டையைப் போடுவான் என்பதைப் பாதி தீர்மானித்துவிட்ட ஊர் அது.

இந்த இடத்தில்தான் கதையின் முக்கிய பாத்திரம் உள்ளே வருகிறார். ஜாக் ஸ்டீன். லானர்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆட்டக்காரராகச் சுமாரானவர்தான். வேல்ஸில் ஒரு சிறிய கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை 1951இல் செல்டிக் கூப்பிட்டுக்கொண்டது. 1954இல் அவர் தலைமையில் லீக்கும் கோப்பையும் சேர்ந்து கிடைத்தன. பிறகு கணுக்கால் காயத்தால் ஆட்டம் முடிந்தது. கழகத்தின் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பார்த்தார். ஆனால் ஸ்டீன் புராடஸ்டண்ட். செல்டிக்குக்கு அதுவரை கத்தோலிக்கர் அல்லாத ஒருவர் மானேஜராக இருந்ததில்லை. அவர் வெளியே போனார். டன்பர்ம்லின் என்ற சிறிய ஊர்க் கழகத்துக்கு மானேஜரானார். 1961 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் அந்தச் சிறிய கழகம் யாரைத் தோற்கடித்தது தெரியுமா? செல்டிக்கைத்தான். நாலு வருஷம் கழித்து, 1965 மார்ச்சில், செல்டிக் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்து மனிதரை வீட்டுக்குள் அழைத்துச் சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் அந்த வீட்டுக்கு விடிவு வந்தது. மண்ணின் மகிமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஸ்டீன் புதிதாக நிறைய ஆட்களை வாங்கிவிடவில்லை. இருந்தவர்களை இடம் மாற்றி வைத்தார். பாபி மர்டாக் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். அவரை நடுவரிசைக்குப் பின்னுக்கு இழுத்தார். இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த பெர்ட்டி ஆல்டை உள்ளே கொண்டுவந்தார். இந்த இரண்டு பேர் காலிலிருந்துதான் அந்தக் கோஷ்டியின் ஆட்டம் முழுவதும் புறப்பட்டது. ஒரு நாவலாசிரியனுக்கு இந்த வித்தை புரியும். சில சமயம் கதை நகரவில்லை என்றால் புதுப் பாத்திரம் வேண்டியதில்லை. இருக்கிற பாத்திரம் கூடத்தில் நிற்பதற்குப் பதிலாகச் சமையலறையில் நின்றால் போதும். எல்லாம் பேச ஆரம்பித்துவிடும்.

கோல்கீப்பர் ரானி சிம்ஸனின் கதை தனிச் சிறுகதை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர். இங்கிலாந்தில் நியூகாஸிலுக்காக 1952, 1955 என்று இரண்டு முறை எப்.ஏ. கோப்பை வாங்கியவர். பிறகு ஹிபர்னியன் கழகத்துக்கு வந்தார். அங்கே மானேஜராக இருந்த ஸ்டீன், இவர் காலம் முடிந்துவிட்டது என்று செல்டிக்குக்கு விற்றுவிட்டார். சில மாதங்களில் அதே ஸ்டீன் செல்டிக்குக்கு வந்து சேர்ந்தபோது சிம்ஸனின் மனசு எப்படி இருந்திருக்கும்! விற்றவரே மறுபடியும் எஜமானராக வந்து நிற்கிறார். ஆனால் 1967 ஏப்ரலில், தமது 36ஆவது வயதில், சிம்ஸன் முதன்முதலாக ஸ்காட்லாந்து நாட்டுக்காக ஆடினார். வெம்ப்ளியில், அப்போது உலக சாம்பியனாக இருந்த இங்கிலாந்தை அன்று ஸ்காட்லாந்து 3-2 என்று வென்றது. அடுத்த மாதம் லிஸ்பன். தாம் எடுத்த முடிவு தப்பு என்று கண்டதும் அதை மாற்றிக்கொள்ளக் கூச்சப்படாத மானேஜரையும், பழைய அவமானத்தை மனசில் வைத்துக்கொள்ளாத ஆட்டக்காரரையும் ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம்.

ஒரு பருவம் நாவலாக வேண்டுமானால் அதில் தோல்வியின் வாசனை இருந்தாக வேண்டும். இது முக்கியமான விஷயம். செல்டிக்கின் அந்த வருஷத்துக் கதையைச் சுருக்கமாகக் கேட்கிறவர்களுக்கு எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது போல் தோன்றும். அப்படி இல்லை. கிறிஸ்துமஸுக்குள் முப்பது கோலுக்கு மேல் போட்டிருந்த ஜோ மக்பிரைட் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அந்தப் பருவத்தில் பிறகு அவர் ஆடவே இல்லை. லீக்கில் அவர்கள் தோற்ற இரண்டு ஆட்டமும் ஒரே கழகத்திடம், டண்டீ யுனைடெட்டிடம். இரண்டு முறையும் 3-2. ஊரையே அடித்துப் போடுகிற பயில்வானுக்கு எதிர்வீட்டுப் பொடியனிடம் மட்டும் பயம் இருப்பது போல!

மார்ச் மாதம் ஐரோப்பியக் கோப்பையின் கால் இறுதி. யூகோஸ்லாவியாவின் வொய்வொதினா கோஷ்டி முதல் ஆட்டத்தில் தன் ஊரில் 1-0 என்று ஜெயித்துவிட்டது. கிளாஸ்கோவில் திரும்ப ஆடியபோது சால்மர்ஸ் ஒரு கோல் போட்டார். கணக்கு சமம். நேரம் ஓடிவிட்டது. மூன்றாவது ஆட்டம் ஆட வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த கடைசி நிமிஷத்தில் ஒரு கார்னர். சார்லி கல்லகர் உதைத்தார். தலைவர் பில்லி மக்னீல் எழும்பித் தலையால் முட்டினார். கோல். அந்தப் பந்து ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத இராது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். லிஸ்பனின் பதினொரு பெயரைச் செல்டிக் ரஸிகர்கள் பாராயணம் செய்வார்கள்: சிம்ஸன், கிரெய்க், ஜெம்மல், மர்டாக், மக்னீல், கிளார்க், ஜான்ஸ்டன், வாலஸ், சால்மர்ஸ், ஆல்ட், லெனக்ஸ். இந்தப் பாராயணத்தில் அந்தக் கார்னரை உதைத்த கல்லகர் இல்லை. முப்பது கோல் போட்ட மக்பிரைட் இல்லை. ஐதீகம் என்பதன் குணமே அதுதான். அதற்கு எண்ணிக்கை அழகாக இருக்க வேண்டும். பதினொன்று என்றால் பதினொன்று. நாவலுக்கு அந்த அவசரம் கிடையாது. அது பன்னிரண்டாவது ஆளையும் திரும்பிப் பார்க்கும். நான் அந்தப் பருவத்தை நாவல் என்று சொல்வது ஐதீகத்திலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்வதற்காகவும்தான்.

அரை இறுதியில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்தர்கள் இதை லேசாகத் தாண்டிப் போய்விடுவார்கள். செல்டிக் என்றால் தாக்கி ஆடுகிற கோஷ்டி, இண்டர் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிற கோஷ்டி, லிஸ்பனில் வெளிச்சம் இருட்டை ஜெயித்தது என்பது வழக்கமான வியாக்கியானம். ஆனால் ஏப்ரல் 25ஆம் தேதி பிராக் நகரத்தில் என்ன நடந்தது? டுக்லா பிராக் கோஷ்டியைக் கிளாஸ்கோவில் 3-1 என்று வென்றிருந்தார்கள். மஸோபுஸ்ட் போன்ற பெரிய ஆட்டக்காரர் இருந்த கோஷ்டி அது. திரும்பப் போய் ஆடியபோது ஸ்டீன் என்ன செய்தார்? சால்மர்ஸை மட்டும் முன்னால் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் பின்னால் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். 0-0. வேலை முடிந்தது. லிஸ்பனுக்கு டிக்கெட் கிடைத்தது.

இதை வைத்துக்கொண்டு ஸ்டீனைப் போலி என்று சொல்ல நான் வரவில்லை. கொள்கைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு நாள் குடும்பத்தின் பக்கம் சாய்ந்த மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆட்டத்தை அவர் ரஸிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஒரு மாதம் கழித்து லிஸ்பனில் அவர் ஆடவிட்ட ஆட்டம் அதற்கு அவரே எழுதிய மறுப்புரை மாதிரி இருக்கிறது.

அந்த ஏப்ரல், மே மாதங்களைத் தேதிவாரியாகப் பார்த்தால் மூச்சு முட்டும். ஏப்ரல் 29இல் அபர்டீனை 2-0 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பை. மே 3இல் டண்டீ யுனைடெட்டிடம் அந்த இரண்டாவது தோல்வி. மே 6இல் ரேஞ்சர்ஸின் சொந்த மைதானத்தில் கொட்டுகிற மழையில் ஆட்டம். லீக் பட்டத்துக்கு ஒரு புள்ளி வேண்டும். 2-2. செல்டிக்கின் இரண்டு கோலும் ஜிம்மி ஜான்ஸ்டனுடையவை. ஐந்தடி சொச்சம் உயரமுள்ள, சிவந்த தலைமயிர்க்காரர். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஆளை ஆளாகத் தாண்டிப் போகிறவர். அன்று சேற்றில் நின்று இடது காலால் அவர் அடித்த இரண்டாவது கோலை, எதிரியை வேவு பார்ப்பதற்காக வந்திருந்த இண்டர் மானேஜர் ஹெரேரா நேரில் பார்த்தார்.

இப்போது இண்டர் மிலானுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஹெலேனியோ ஹெரேராவின் ஆட்டமுறைக்கு இத்தாலியர்கள் வைத்த பெயருக்குத் தாழ்ப்பாள் என்று அர்த்தம். ஒரு கோல் போடு. பிறகு தாழ்ப்பாளைப் போடு. இதை வைத்து அவர்கள் 1964, 1965 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தவர்கள். இதைக் கலை இல்லை என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. ஒரு வாக்கியம்கூட அதிகப்படியாக இல்லாத, கச்சிதமான, மூடிய சிறுகதைகள் உண்டல்லவா? அந்த ஜாதி. பாக்கெட்டி போன்ற அற்புதமான பேக் அந்தக் கோஷ்டியில்தான் இருந்தார். ஆனால் லிஸ்பனில் அவர்களுடைய மூளையான லூயி ஸ்வாரெஸ் காயத்தினால் ஆடவில்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

இறுதி ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படம் இன்று யாருக்கும் கிடைக்கிறது. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏழாவது நிமிஷம்: கிரெய்க் எதிரி முன்வரிசைக்காரர் கப்பெல்லினியை இடித்துவிட்டார் என்று ஜெர்மன் ரெப்ரீ பெனால்டி கொடுக்கிறார். மட்ஸோலா அடிக்கிறார். இண்டர் 1, செல்டிக் 0. பிறகு தாழ்ப்பாள் விழுகிறது. வழக்கமாகக் கதை இங்கே முடிந்துபோகும்.

ஆனால் படத்தைப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது செல்டிக் ஆட்டக்காரர்களின் நடையை. பதற்றம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் வீரம்கூட இல்லை. பூட்டிய கதவை அவர்கள் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வலது பக்கம், இடது பக்கம், நடுவில், மறுபடியும் வலது பக்கம். இரண்டு முறை பந்து கம்பத்தில் மோதித் திரும்புகிறது. இண்டர் கோல்கீப்பர் சார்த்தி அன்று ஆடியதுபோல் ஒரு மனிதன் ஆட முடியுமா என்று ஆச்சரியப்பட வைக்கிறார். சிம்ஸனுக்கோ வேலையே இல்லை. ஒரு சந்தர்ப்பத்தில் கோலை விட்டு வெகுதூரம் வெளியே வந்து, எதிரி ஒருவன் பாய்ந்து வரும்போது, பந்தைக் குதிகாலால் பின்னால் தட்டிக் கிளார்க்கிடம் கொடுக்கிறார்! முப்பத்தாறு வயதுக்காரர், இறுதி ஆட்டத்தில், ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது செய்த காரியம் இது. பயம் என்ற சமாசாரமே அந்த மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது போலிருக்கிறது.

63ஆவது நிமிஷம் வலது பக்கத்திலிருந்து பந்து பின்னுக்கு வருகிறது. இடது பேக் ஜெம்மல் ஓடிவந்து இருபது கஜத்திலிருந்து அடிக்கிறார். சார்த்தியின் கைக்கு எட்டவில்லை. அந்தப் பந்தை நிதானமாக நிறுத்திக் கொடுத்தவர் யார்? பெனால்டி கொடுக்க நேர்ந்த அதே கிரெய்க். கதாசிரியன் இதை எழுதினால் பத்திரிகை ஆசிரியர், இது ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று சிவப்பு மை போட்டுவிடுவார். 84ஆவது நிமிஷம் மர்டாக் அடித்த பந்தைச் சால்மர்ஸ் குறுக்கே காலை நீட்டித் திசை மாற்றிவிடுகிறார். 2-1. அது அதிர்ஷ்டம் போல் தெரியும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகிய அசைவு அது.

இண்டரின் கதை அங்கே முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜூன் 1இல், இத்தாலிய லீக்கின் கடைசி ஆட்டம். மாந்தொவா என்ற சிறிய கழகத்திடம் 1-0 என்று தோற்று, கையில் இருந்த பட்டத்தை ஜுவெந்துஸிடம் விட்டார்கள். அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது? லிஸ்பனில் மலைபோல் நின்ற சார்த்தியின் கையிலிருந்து பந்து நழுவி உள்ளே போயிற்று. ஒரு கோஷ்டி எல்லாவற்றையும் ஜெயித்த அந்த வருஷத்தில், இன்னொரு கோஷ்டி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழந்தது. நான் தோற்றவர்களின் பக்கம் சாய்கிறவன்தான்; சார்த்திக்கு நானே ஒரு கதை எழுதலாம். ஆனால் அந்தக் கதைக்குக் கனம் கொடுப்பது செல்டிக்கின் ஆட்டம்தான். கர்ணன் பெரியவனாகத் தெரிய, எதிரே தேரில் நிற்பவன் மெய்யாகவே வில்லாளியாக இருக்க வேண்டும்.

ஆதிக்கம் எப்போது அழகாக இருக்கிறது, எப்போது அலுப்பாகிறது என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2016-17இல், அதே செல்டிக் கழகம் ஸ்காட்லாந்துக்குள் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. லீக்கில் 38 ஆட்டத்தில் 34 வெற்றி, 4 சமன். மூன்று கோப்பையும் அவர்களுடையவை. எண்களை மட்டும் பார்த்தால் பாட்டனைப் பேரன் மிஞ்சிவிட்டான். ஆனால் இரண்டாவதாக வந்த அபர்டீன் 30 புள்ளி பின்னால் இருந்தது. அதே பருவத்தில் ஐரோப்பாவுக்குப் போன செல்டிக், பார்சிலோனாவிடம் 7-0 என்று வாங்கிக்கொண்டு வந்தது. 1967இல் ரேஞ்சர்ஸ் பின்தங்கியது வெறும் 3 புள்ளி. அந்த ரேஞ்சர்ஸும் சாமானியர்கள் அல்ல. லிஸ்பனுக்கு ஆறு நாள் கழித்து இன்னொரு ஐரோப்பியப் போட்டியின் இறுதியில் பயர்ன் மியூனிக்கோடு ஆடி ஒரே கோலில் தோற்றவர்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்கள்! தோல்வியே இல்லாத பருவத்தை நான் மரியாதையோடு பார்க்கிறேன். இரண்டு முறை டண்டீ யுனைடெட்டிடம் தோற்ற பருவத்தைத்தான் நேசிக்கிறேன். எதிரே ஆள் இருந்ததா என்பதைப் பொறுத்தது வெற்றியின் ருசி.

நம் நாட்டுக்கும் இந்தக் கழகத்துக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. 1936இல் கல்கத்தாவின் முகமது சலீம் செல்டிக்கின் இரண்டாம் கோஷ்டிக்காகச் சில ஆட்டம் ஆடினார். பூட்ஸ் இல்லாமல், வெறுங்காலில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு. ஊர் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். வேலிகளின் ஊர் என்று சொன்னேனே, அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு வெறுங்கால் இந்தியரை ஆரவாரத்தோடு வேடிக்கை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பது கதை கேட்பவர்களின் உரிமை. செல்டிக் 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டம் எடுத்தது. 1970இல் மறுபடியும் ஐரோப்பிய இறுதிக்குப் போய், ஹாலந்தின் பெயனூர்டிடம் 2-1 என்று தோற்றது. ஸ்டீன் 1985இல் ஸ்காட்லாந்து நாட்டுக் கோஷ்டியின் மானேஜராகக் கார்டிப் மைதானத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் மயங்கி விழுந்து, அங்கேயே இறந்தார். மர்டாக் 2001இல் போனார். ஜான்ஸ்டனின் அந்த மந்திரக் கால்களை நரம்பு நோய் ஒன்று அசையவிடாமல் கட்டிப்போட்டது, 2006இல் இறந்தார். மக்னீலும் சால்மர்ஸும் 2019 ஏப்ரலில் ஒரு வார இடைவெளியில் காலமானார்கள். இருவருக்கும் ஞாபக மறதி நோய்.

அதே 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்த மாதிரி மூளை நோய்களால் இறப்பது மற்றவர்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று அது சொல்லிற்று. ஒரு தனி மனிதரின் நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்லவும் போவதில்லை. ஆனால் வொய்வொதினாவுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் மக்னீல் எழும்பி முட்டிய அந்தத் தலையை இப்போது பார்க்கும்போது, கோல் என்று கத்துவதற்கு முன் தொண்டை கொஞ்சம் தயங்குகிறது. நமக்கு வாழ்நாள் முழுவதும் ஞாபகம் இருக்கும்படி ஒரு காரியத்தைச் செய்தவருக்குக் கடைசியில் ஞாபகம் இல்லாமல் போயிற்று என்றால், ரஸிகன் டிக்கெட்டுக்குக் கொடுத்த விலை ரொம்பக் குறைவு என்று தோன்றுகிறது.

இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகும் அந்தப் பருவம் எனக்கு மகத்தானதாகவே இருக்கிறது. பழைய பொற்காலம், இனி வராது என்று பெருமூச்சு விடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இன்று எந்தக் கழகமும் முப்பது மைல் வட்டத்துக்குள் நின்றுகொண்டு ஐரோப்பாவை ஜெயிக்கப் போவதில்லை என்பது உண்மை. பணம் எல்லா நாட்டுத் திறமையையும் ஒரு சில நகரங்களுக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் ஆட்டத்தின் தரம் உயர்ந்தும் இருக்கிறது. வேலிகள் உடைந்ததற்காக வருத்தப்படுகிறவன் நான் அல்ல.

ஆனால் ஒரு விஷயம் குறைந்திருக்கிறது. லிஸ்பனில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்ற மக்னீலை மேடைக்குக் கீழே நின்றவர்கள் பார்த்தபோது, அவர்கள் பார்த்தது தங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பையனை. தங்கள் தெருவில் வளர்ந்தவனை. தங்களால் ஆக முடியாமல் போன ஒன்றைத் தங்களில் ஒருவன் ஆகிவிட்டதை. பொறாமை இல்லாமல் பிறர் வெற்றியில் மகிழ்வது மனிதனுக்குக் கஷ்டமான காரியம். அந்தக் கஷ்டம் அன்று ஒரு நகரத்தின் பாதிக்கு இல்லாமல் போயிற்று. மறு பாதி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஜெயித்தவர்களைப் பற்றி நல்ல நாவல் எழுத முடியாது என்று நினைக்கிற இளம் எழுத்தாளர்கள் அந்தத் தொண்ணூறு நிமிஷப் படத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். ஏழாவது நிமிஷத்திலிருந்து அறுபத்து மூன்றாவது நிமிஷம் வரை உள்ள பகுதியை முக்கியமாகப் பார்க்க வேண்டும். கோல் விழுகிற இடங்களை யார் வேண்டுமானாலும் ரஸிப்பார்கள். கதவு திறக்காமலிருக்கும் அந்த ஐம்பத்தாறு நிமிஷத்தில் பதினொரு பேர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதில்தான் அவர்களுடைய குணம் இருக்கிறது.